காலிமுகத்திடலுக்குப் பிறகு பாட்டு எங்கே போனது?

தெகிவளை வாசகர் ஒருவரின் கேள்வி, 2 ஓகஸ்ட் 2025

முந்தி ஒரு பாட்டு வந்தால் அரசாங்கம் பயந்தது, வானொலியில் தடை போட்டது. 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் பாட்டுப் பாடியே ஒரு ஜனாதிபதியை வீட்டுக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகு நல்ல போராட்டப் பாட்டு என்று ஒன்று கூட வரவில்லை. இந்த நாட்டில் போராட்டப் பாட்டு செத்துவிட்டதா?

2 ஓகஸ்ட், இரவு

பாட்டுப் பாடியா அனுப்பினோம்? காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. அதற்கு முந்திய வருடம் ரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தி விவசாயியின் வயிற்றிலும் அடித்திருந்தார்கள். ஜனாதிபதி கோத்தாபயவை அனுப்பியது இதெல்லாம்தான்.

பாட்டு செய்தது வேறு வேலை. ஆட்களை விடிய விடிய அங்கே நிற்க வைத்தது. கோஷம் மட்டும் போட்டால் கொஞ்ச நேரத்தில் தொண்டை கட்டிவிடும், வெயிலும் சேர்ந்தால் வீட்டு ஞாபகம் வந்துவிடும். பக்கத்தில் பப்பரே வாத்தியம் அடித்தால் கால் தானாக நிற்கும். கோத்தாபயவின் தம்பி பசில் ராஜபக்ஷவைக் காகம் என்று கிண்டல் பண்ணின அந்த "கபுட்டு கா கா" வரியை, சிங்களத்தில் விலை பேசத் தவிர வேறெதுவும் தெரியாத எங்கள் சின்ன மாமி சமையல் அறையில் முணுமுணுத்தார். பள்ளிக்கூடக் கிரிக்கெட் பிக் மேட்சுக்கு அடிக்கிற பப்பரே மேளத்துக்கு அரசியல் வந்தது அப்படித்தான்.

செத்துவிட்டதா என்பதற்கு நாளைக்கு எழுதுகிறேன். எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் இடிக்கிறது.

3 ஓகஸ்ட்

சரி, இடிப்பது என்னவென்றால், "போராட்டப் பாட்டு" என்று தனியாக ஒரு சாதி இருக்கிற மாதிரி நாம் பேசுகிறோம். நான் பார்த்த அளவில் எதிர்ப்பு பாட்டுக்குள் இல்லை, அதைப் பாடுகிற இடத்தில் இருக்கிறது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். அப்பா பக்கம் பருத்தித்துறை, அம்மா பக்கம் பொகவந்தலாவை. தொண்ணூறுகளில் பெரியம்மாவின் மகன் ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார், பொலிஸ் பதிவு, துண்டு, எல்லாம் உண்டு. அவரிடம் ஒரு கசெற். மேலே கந்தசஷ்டி கவசம் என்று எழுதி ஒட்டியிருக்கும். போட்டால் முதலில் உண்மையாகவே கவசம்தான் வரும், எந்தச் செக்பொயின்ற்றில் எந்த ஆமிக்காரர் போட்டுக் கேட்டாலும் முருகன்தான். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் இயக்கப் பாட்டு, புலிகளின் பாட்டு. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்போம். பெரியம்மா வாசலில் அரிசி புடைக்கிற சாட்டில் காவல். அந்தச் சத்தம் ஒரு அடி தூரம் போகாது, ஆனால் அதற்காக உள்ளே போன ஆட்களை எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்டது எதிர்ப்புப் பாட்டு, அதில் சந்தேகமே இல்லை.

அப்புறம் 2002 சமாதான காலம், ஏ9 திறந்தது, ஒரு கலியாணத்துக்கு வன்னிக்குப் போனோம். ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டிப் புலிகளின் பக்கம் போனால் அதே பாட்டு கடையில், பஸ்ஸில், சந்தி ஒலிபெருக்கியில். பைகளைத் திறந்து சோதித்துத் தீர்வை எழுதுகிற பெடியனுக்குப் பின்னால் ஒரு றேடியோ, அதிலும் அதுதான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது மண்டைக்குள் ஒன்று ஓடியது: இங்கே இது அரசாங்கத்தின் பாட்டு. சொந்தப் பொலிஸ், சொந்த நீதிமன்றம், சொந்த வரி, சொந்தப் பாட்டு. கொழும்பில் அதைக் கேட்டால்தான் ஆபத்து, கிளிநொச்சியில் அதைப் பிடிக்கவில்லை என்று சத்தமாகச் சொன்னால்தான் ஆபத்து.

ஒரே குரல், ஒரே மெட்டு. இடம்தான் மாறியது.

4 ஓகஸ்ட்

எதிர்பார்த்த மாதிரியே திட்டு வந்திருக்கிறது. "உயிரைக் கொடுத்தவர்களின் பாட்டை அரசாங்கப் பாட்டு என்கிறாயா" என்று. அரசாங்கப் பாட்டு என்பது வசவு இல்லையே. அந்தப் பாட்டுகளை எழுதியவர்களும் பாடியவர்களும் கொடுத்த விலை எனக்கும் தெரியும். இயக்கப் பாட்டுகள் எழுதின கவிஞர் புதுவை இரத்தினதுரை 2009 மே மாதம் போர் முடிந்தபோது இராணுவத்திடம் சரணடைந்தவர்களில் ஒருவர், இன்றுவரைக்கும் என்ன ஆனார் என்று வீட்டாருக்குப் பதில் இல்லை. அவற்றைப் பாடின எஸ்.ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் காலமானார். போருக்குப் பிறகு அவர் கோயில் மேடைகளில் பாடினார், பக்திப் பாட்டுகள் முந்தியும் நிறையப் பாடியவர்தான். கந்தசஷ்டி ஒட்டின எங்கள் கசெற்றை நினைத்தால் எனக்கு இதில் ஒரு சிரிப்பு வரும், அண்ணைமார் மன்னிக்க வேண்டும். அந்தக் குரலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கிறவருக்குத் தெரியும், ஒலிபெருக்கிக்காரருக்கும் தெரியும், ஓரத்தில் நிற்கிற புலனாய்வுக்காரருக்கும் தெரியும். வரி மட்டும் முருகன்.

7 ஓகஸ்ட்

கேள்வி கேட்டவர் "வானொலியில் தடை" என்றது பெரும்பாலும் சிங்களப் பாடகி நந்தா மாலினியை மனதில் வைத்து என்று நினைக்கிறேன். தமிழ் வாசகர்கள் பலருக்கு இந்தக் கதை தெரியாது, நமக்கும் சிங்களப் பாட்டுக்கும் நடுவில் ஒரு மதில். 1987இல் அவருடைய "பவன" என்ற பாட்டுத் தொகுப்பு வந்தது, பாட்டுகள் சுனில் ஆரியரத்ன எழுதியவை. அரச வானொலி அதை ஒலிபரப்பாமல் விட்டது, கசெற் நாடு முழுக்கப் போனது. வேலை இல்லாத பெடியள், வறுமை, பொய் சொல்கிற அரசியல்வாதி, எல்லாம் அதில் உண்டு. தெற்கில் ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் இரண்டாவது ஆயுதக் கிளர்ச்சி கொதித்த நேரம். கசெற் வைத்திருந்தாலே சந்தேகம் என்ற நிலை தெற்கிலும் இருந்திருக்கிறது. இதைப் பிற்பாடு ஒரு சிங்கள நண்பர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் நாங்கள் ஜன்னல் சாத்தினோம், மாத்தறையில் அவர்கள் சாத்தினார்கள். ஒருத்தர் பாட்டை ஒருத்தர் கேட்கவே இல்லை.

ஜே.வி.பி.க்கென்றே பாட்டுக்குழு இருந்தது. தலைவர்கள் 1977இல் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகு "விமுக்தி கீ" என்று ஊரூராக மேடை போட்டார்கள். விடுதலைப் பாட்டு என்ற பெயரில் ஆரம்பித்த கதை பத்து வருடத்துக்குப் பிறகு எங்கே வந்து நின்றது என்று பாருங்கள்: 1989 ஜூலை 31, பிரேமகீர்த்தி த அல்விஸ் கொல்லப்பட்டார். சிங்களத்தில் எத்தனையோ இனிமையான பாட்டுகளை எழுதியவர், வானொலிக் குரல். அந்தக் கொலை பெரும்பாலும் ஜே.வி.பி.யின் ஆயுத அணியின் மேல்தான் எழுதப்பட்டிருக்கிறது. அரச ஊடகத்தில் வேலை செய்தது அந்த நாட்களில் போதுமான குற்றம்.

2024 செப்டெம்பரில் அதே கட்சியின் தலைவர் ஜனாதிபதி. பழைய விடுதலைப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கு அமைச்சு வாகனத்தில் போகிறார்கள். அதை வைத்து அவர்களைக் கிண்டல் பண்ணவில்லை. பாட்டு வென்றுவிட்டது, அவ்வளவுதான். வென்ற பிறகு அதை யார் யாருக்கு எதிராகப் பாடுவது? "மூன்று வருடமாகப் பாட்டு இல்லை" என்றவருக்குப் பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது. 2022இல் பாடின கூட்டத்தில் பெரும் பங்கு இப்போது ஆட்சியில் இருக்கிறவர்களுக்கு வாக்குப் போட்ட கூட்டம்.

7 ஓகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

இதற்குத் தலைகீழான கதையும் உண்டு. போர் முடிந்த கையோடு அப்போதைய ஜனாதிபதி மஹிந்தவை மகாராஜா என்று வாழ்த்தி ஒரு பாட்டு வந்ததே, பஸ், கடை, தொலைக்காட்சி எங்கும் கிழிகிழியென்று கிழித்ததே. அப்போது அதைக் கேட்டாலே எங்கள் வீட்டில் ரி.வி.யை நிறுத்துவோம். 2022இல் அதே வாழ்த்தைக் காலிமுகத்திடலில் பெடியள் இழுத்து இழுத்துப் பாடிச் சிரித்தார்கள். ஒரு எழுத்துக் கூட மாற்றவில்லை. துதிப்பாட்டை நக்கலாக்க வேறொன்றும் வேண்டாம், ராஜா ஓடினால் போதும்.

12 ஓகஸ்ட்

தேயிலைத் தோட்டத் தமிழரின் மலையகத்தை யாருமே எடுக்கவில்லை, அதனால் நான் எடுக்கிறேன். எப்போதும் அப்படித்தானே, கடைசியில் ஞாபகம் வரும்.

இந்த நாட்டில் தமிழில் அரசியல் பாட்டு என்றால் எனக்கு முதல் பெயர் மீனாட்சியம்மாள். கோ. நடேசையரின் துணைவியார். ஐயர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார், பிறகு சட்டசபையிலும் இருந்தார். ஐயர் பேசுவதற்கு முன்னால் அம்மாள் பாடுவார். பாரதி பாட்டு, அப்புறம் தொழிலாளருக்குத் தெரிந்த மெட்டில் தானே கட்டின பாட்டு. கங்காணி, துரை, கடன், இலங்கையில் இந்தியருக்கு எதிராக எழும்பிய அரசியல், எல்லாவற்றையும் மெட்டில் ஏற்றினார். அச்சிட்ட துண்டுப் புத்தகமாகவும் வந்தது. எழுத்துத் தெரியாத ஆட்களிடம் ஒரு பேச்சு போய்த் தங்காது, மெட்டு தங்கும். அடுத்த நாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது வாயில் வரும், துரைக்கு விளங்காது.

சரி, பலன்? 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பாட்டு அதைத் தடுக்கவில்லை. ஒரு வாக்குச் சீட்டும் இல்லாத மக்களாக ஆக்கிவிட்டுப் போனார்கள். பாட்டு அரசாங்கத்தை நடுங்க வைத்தது என்று சொல்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எங்கள் அம்மா வழியில் தப்பு மேளம் அடிக்கிற குடும்பங்கள் உண்டு. தோட்டத்தில் விடியற்காலை ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, எழுப்புவது தப்புச் சத்தம்தான். அதாவது துரையின் மணிக்கூடு. சாவுக்கும் அதே தப்பு, திருவிழாவுக்கும் அதே தப்பு, ஸ்ட்ரைக் ஊர்வலத்துக்கும் அதே தப்பு. ஒரே தோலில் நிர்வாகத்தின் கட்டளையும் அதற்கு எதிரான அடியும். முந்தி நான் சொன்ன இடக் கதைக்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்போடு கூடினார்கள், நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று. கட்சி கூப்பிடவில்லை, தொழிற்சங்கம் கூப்பிடவில்லை, முகநூலில் கூப்பிட்டுச் சேர்ந்த கூட்டம். கொழும்புக் கடைகளில், வீடுகளில், கட்டட வேலைகளில் நிற்கிற பிள்ளைகள். 2022இல் "காலிமுகத்திடலில் முதன்முதலாக இளைஞர்கள்" என்று பத்திரிகைக்காரர் எழுதினபோது எனக்கு எரிச்சல் வந்தது. அந்த ஆயிரம் ரூபாய் 2021 மார்ச்சில்தான் சட்டப்படி வந்தது, வந்ததும் ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோக் கணக்கை ஏற்றிவிட்டார்கள் என்று அம்மாவின் ஆட்கள் சொன்னார்கள்.

இனி "எஞ்சாயி எஞ்சாமி" என்ற தமிழ்நாட்டுப் பாட்டு. 2021இல் கொட்டாஞ்சேனை முச்சக்கரவண்டி ஒன்று விடாமல் ஓடியது. அதைப் பாடின அறிவு என்ற பாடகரின் பாட்டி வள்ளியம்மாள் இங்கே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், பிறகு இந்தியாவுக்குத் திரும்பிக் காணி இல்லாமல் நின்றவர். தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பின 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் என்று நாம் பரீட்சைக்குப் பாடமாக்கினது அந்த வீட்டில் ஒரு பாட்டியின் கதை. முச்சக்கரவண்டிக்காரருக்கு அது தெரியுமா? பாதிப் பேருக்குத் தெரியாது, துள்ளல் மெட்டு. 2022 ஜூலை 28ஆம் திகதி சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு அரச மேடை ஏறியது. அறிவு அந்த மேடையில் இல்லை, அதைப் பற்றிப் பிறகு பெரிய சண்டை. அதற்கு ஆறு நாள் முன்னால், ஜூலை 22 விடியற்காலை, இங்கே காலிமுகத்திடல் கூடாரங்களை இராணுவம் அடித்துப் பிரித்திருந்தது. நான் அந்தக் கிழமை இரண்டு காணொளிகளையும் ஒரே ஃபோனில் பார்த்தேன்.

13 ஓகஸ்ட்

"அப்படியென்றால் அரசாங்கப் பாட்டே எதிர்ப்புப் பாட்டாகலாமா" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஆகும். தேசிய கீதம்.

ஆனந்த சமரக்கோன் 1940இல் எழுதினது, 1951இல் தேசிய கீதமானது, தமிழில் நல்லதம்பிப் புலவர். ஆரம்ப வரி அபசகுனம் என்று சண்டை போட்டு 1961இல் அதை மாற்றினார்கள், சமரக்கோன் மனம் உடைந்து 1962 ஏப்ரலில் தன் உயிரை முடித்துக்கொண்டார். தன் பாட்டுக்கு அரசியல் என்ன செய்தது என்று அவரைக் கேட்டிருக்க வேண்டும்.

தமிழ் வடிவம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. கொழும்புத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் நாங்கள் அதைத்தான் பாடினோம், பாடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது, வெயிலில் நின்று முனகினோம். அந்த நாட்களில் சுதந்திர தின மேடையில் மட்டும் அது வராது. 2016 பெப்ரவரி 4 பாடினார்கள், 2020இல் கோத்தாபய வந்ததும் எடுத்துவிட்டார்கள். பிறகு 2022 ஏப்ரலில் அதே கோத்தாபயவின் செயலக வாசலில் தமிழில் பாடினார்கள், சிங்களப் பிள்ளைகள் சொல் தெரியாமல் வாயசைத்துக்கொண்டு கூடவே நின்றார்கள். நானும் நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் அந்தப் பாட்டை முழுக்கப் பாடாத நான் அன்றைக்குப் பாடினேன். அரசாங்கம் வேண்டாமென்று தள்ளின அரசாங்கப் பாட்டு என்பதால்தான் அதற்கு அன்றைக்கு அந்தக் கூர்மை. 2016இல் அதை ரி.வி.யில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

15 ஓகஸ்ட்

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்: "உங்களுக்கு அது எதிர்ப்பு, எங்களுக்கு அது சரணாகதி. சிங்கக் கொடிக்குக் கீழே தமிழில் பாடினால் என்ன, அரபியில் பாடினால் என்ன."

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. முதலில் கொஞ்சம் சூடாக எழுதி அழித்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தால் அவர் சொல்வது என் வாதத்தோடுதான் ஒத்துப்போகிறது: கொழும்பில் ஒரு பொருள், நல்லூரில் இன்னொரு பொருள். கொழும்பில் வாழ்கிற தமிழனுக்கு "நானும் இந்த ஊர்தான்" என்பதே சத்தமாகச் சொல்ல முடியாத வாக்கியமாக இருந்தது. 2007 ஜூனில் லொட்ஜுகளிலிருந்து ஆட்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பின நகரம் இது. யாழ்ப்பாணத்தில் இருக்கிறவருக்கு அந்த வாக்கியம் தேவையில்லை, அவருக்குக் கேட்பதற்கு வேறு இருக்கிறது. காலிமுகத்திடலில் 2022 மே 18ஆம் திகதி, போரின் கடைசி நாட்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தபோது அங்கே நான் கண்ட கூட்டம், கபுட்டுப் பாட்டுக்கு ஆடின கூட்டத்தில் ஒரு துளிதான். அதையும் சொல்ல வேண்டும்.

20 ஓகஸ்ட்

வெளிநாட்டுக் கதை கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. அமெரிக்கப் பாடகர் பொப் டிலானைப் பற்றி எழுத உலகத்தில் ஆட்கள் நிறைய, என்னை விடுங்கள். எனக்குப் பிடித்தது "வீ ஷல் ஓவர்கம்" கதை. பழைய தேவாலய மெட்டு, 1945இல் சார்ள்ஸ்டன் புகையிலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பாடினது, அங்கிருந்து கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்கு. 1965 மார்ச்சில் ஜனாதிபதி ஜோன்சன் காங்கிரஸில் வாக்குரிமைச் சட்டத்துக்காகப் பேசும்போது அந்த வரியைத் தானே எடுத்துச் சொன்னார். அதே மாதம்தான் அமெரிக்கத் தரைப்படை வியட்நாமில் இறங்கியது. ஒரு வரியை அதிகாரம் எடுத்துக்கொண்டால் அது பொய்யாகிவிடுமா? வாக்குரிமைச் சட்டம் வந்ததே. வியட்நாமும் வந்ததே.

சிலியில் பாடகர் விக்தோர் ஹாராவை 1973இல் அரங்கத்தில் அடைத்துக் கொன்றார்கள். வியட்நாமுக்காக அவர் பாடின பாட்டை 2019இல் சந்தியாகோ வீதிகளில் ஊரடங்குக்குள் பாடினார்கள். அரங்கத்துக்கு இப்போது அவர் பெயர். கொன்றவர்களின் தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தது 2023இல். ஐம்பது வருடம். இங்கே நாம் அவ்வளவு தூரம் கணக்குப் பார்க்கவே இல்லை.

2 செப்டெம்பர்

ஈழத் தமிழ்க் குடும்பத்து லண்டன் பாடகி எம்.ஐ.ஏ.வை ஏன் விட்டாய் என்று கேட்கிறார்கள். விடவில்லை. 2009 பெப்ரவரியில் நிறைமாதக் கர்ப்பத்தோடு கிராமி மேடையில் பாடினார், இங்கே வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பேட்டிகளில் அவர் சொன்னதை நாங்கள் கொழும்பில் வாய்க்குள் கூடச் சொல்ல மாட்டோம். பிறகு அவர் தடுப்பூசி எதிர்ப்பு, அது இது என்று எங்கெங்கோ போனார். பரவாயில்லை, பாடகரை அரசியல் ஆலோசகராக எடுத்துக்கொள்வது நம் பிழைதான்.

9 செப்டெம்பர்

இழை அடங்கிவிட்டது என்று நினைத்தேன், கேள்வி கேட்டவர் திரும்ப வந்து "இன்றைக்கு யார் பாடுகிறார்கள் என்று மட்டும் சொல்" என்கிறார்.

கிளிநொச்சிக்குப் போங்கள். 2017 பெப்ரவரி 20 முதல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் போராடுகிறார்கள். பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அழுவதை ஒரு முறை முழுதாகக் கேளுங்கள். பெயர், வயது, எந்தச் சோதனைச் சாவடி, யார் கையில் கொடுத்தது, என்ன உடுப்பு, எல்லாம் ஒரு இழுவையில் வரும். ஒப்பாரியின் வரிசை அது. ஆனால் செத்தவருக்குப் பாடுவதுதான் ஒப்பாரி, இவர்கள் பிள்ளை செத்ததாக ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அதைப் பாட்டு என்று சொன்னாலே அவர்களுக்குக் கோபம் வரும். மெட்டமைத்து, மேளம் சேர்த்து, யூடியூபில் போட்டால்தான் போராட்டப் பாட்டு என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எத்தனை ஜனாதிபதி வந்து போனார்கள், யாராலும் அந்தச் சத்தத்தைத் தன் தேர்தல் வாகனத்தில் ஏற்ற முடியவில்லை.

10 செப்டெம்பர்

கடைசியாக ஒன்று, இது தம்பிமாருக்கு. இயக்கப் பாட்டுகளின் இணைப்பை இதற்குக் கீழே போடாதீர்கள். நேற்று இரண்டு பேர் போட்டிருந்தீர்கள், நீக்கச் சொல்லிவிட்டேன். ஆட்சி மாறிவிட்டது, இனி ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஆட்சி மாறிய பிறகும் உடனே நீக்கவில்லை. 2024 நவம்பரில், செத்த புலிகளை நினைக்கிற மாவீரர் வாரத்தை ஒட்டி முகநூல் பதிவுகளுக்காகவே ஆட்களைப் பிடித்தார்கள், இதே புதிய ஆட்சியில். மன்னாரில் அஹ்னாஃப் ஜஸீம் ஒரு கவிதைத் தொகுப்புக்காக 2020 மே முதல் 2021 டிசம்பர் வரைக்கும் உள்ளே இருந்தார், 2023 கடைசியில்தான் விடுதலை. அவர் எழுதியது வெறும் கவிதை, மெட்டுக் கூட இல்லை. கனடாவிலிருந்து எழுதுகிறவர்கள் விரும்பினதைப் போடலாம், வத்தளையிலிருந்து எழுதுகிறவர் போடக்கூடாது. வேண்டுமானால் வீட்டில் கேளுங்கள், மின்விசிறி இருக்கிறதுதானே.